ஒன்பது, காற்புள்ளி

மேசைப் போனின் ஒயரைப் பிடுங்கி
மோடத்தில் சொருகிய கொஞ்ச நேரத்தில்
முதல் மோடம் செத்துப்போனது.
கருகிய வாசம்
மதியச் சோறு வரைக்கும் ஆபீசில் கிடந்தது.

கிள்ளானிலிருந்து வந்த இருதயநாதன்
இரண்டு ஒயர்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.
ஒரே சாம்பல் நிறம், ஒரே சொருகு.
"இது நீங்க பேசுற போனுக்கு, இது பேக்ஸுக்கு.
உள்ள ஓடுறது வேற வேற, தங்கச்சி."

பேக்ஸ் மெஷினின் முதுகுக்குப் பின்னால்
பல்லி முட்டை ஓடுகளுக்கு நடுவே
பதினேழாம் எக்ஸ்டென்ஷன் இருந்தது.
துடைத்து, கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம்.

அது போனை எடுத்தது. உடனே வைத்துவிட்டது.
டயல் டோன் இல்லை என்றது திரை.
"இருக்கே" என்றேன்.
அந்த ஓசையைக் காதில் மாட்டிக்கொண்டு
ஆறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான்.
எங்கள் ஆபீஸ் பெட்டியின் ஓசை விக்கி விக்கி வரும்.
டெலிகோம் ஓசை ஒரே இழுப்பு.
இழுத்தால்தான் அதற்கு ஓசை;
விக்கினால் கணக்கில் இல்லை.

ஓசைக்குக் காத்திருக்காதே என்று
ஒற்றை வரியில் அதற்கு எழுதிப்போட்டார்.
பிறகு ஒன்பதுக்கும் கோலாலம்பூர் நம்பருக்கும் நடுவில்
ஒரு காற்புள்ளி.
பத்தாங் பெர்ஜுந்தை தமிழ்ப்பள்ளியில்
நான் படித்த காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை,
ஒரு கண்ணிமைப்பு.
இவர் வைத்ததற்கு இரண்டு வினாடி.
அதற்குள் வெளிலைன் திறந்துகொள்ளுமாம்.

திறந்தது.
தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம்.
என்சிக் ஹல்மி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.
அப்புறம் ஒன்றுமில்லை.
என் பலகையில் பதினேழுக்குச் சிவப்பு.
நாற்பத்தொரு டன் செம்பனைக் குலை,
இரண்டாம் டிவிஷனில் பெய்த மழை,
லோரிக்கு ஊற்றிய டீசல்,
எல்லாம் பதினொரு நிமிஷம்
வாய் திறக்காமல் போய்க்கொண்டிருந்தன.
கிராணி கோமளவல்லி
பிரிண்டரைக்கூட நிறுத்திவிட்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை செக்ரோல் போனது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாதி வழியில் ஒரு போன்.
தலைமை ஆபீஸ்.
"சம்பள லிஸ்ட் இன்னும் வரலியே,
கம்ப்யூட்டர் ரூமுக்குக் குடுங்க."
பழகிய கை.
பதினேழில் தட்டிவிட்டேன்.
காத்திருப்பவருக்காக உள்ளே ஒரு 'பீப்',
அவ்வளவுதான்.
சிவப்பு அணைந்தது.

லிஸ்ட் எங்கே எங்கே என்று கேட்டவர்களே
லிஸ்டை அறுத்தார்கள்
என்று சொல்லிப் பார்க்கலாம்.
இணைத்துவிட்டது என் விரல்.

சனிக்கிழமை இருதயநாதன் திரும்ப வந்து
பதினேழுக்குள் யாரும் குறுக்கே வரமுடியாதபடி
எதையோ மாற்றினார்.
யார் அந்த காலைக் கொடுத்தது என்று கேட்கவில்லை.
எந்த நேரத்தில் எந்த எக்ஸ்டென்ஷன் என்று
பெட்டியே துண்டுக் காகிதத்தில் அச்சடிக்கும்.
அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
டீ குடிக்கப் போனார்.

கோலாலம்பூரில் கிடைத்தது
நூற்று அறுபத்திரண்டு முழுப்பெயர்,
ஒரு அரைப்பெயர்.
பொன்னு வரைக்கும் போயிருந்தது.
ரங்கம் இங்கேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்து
மூன்றாம் டிவிஷன் பொன்னுரங்கம்
கவுண்டர்க் கண்ணாடிக்கு வெளியே நின்றார்,
அரிவாள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு.
அவருக்குப் பின்னால் நாற்பத்தொன்பது பேர்.
அதில் பாதி லோம்போக்கிலிருந்து வந்த பையன்கள்,
அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

"என் பேரு எந்தக் கம்பியில மாட்டிக்கிச்சு?"

"பாதி போயிருச்சு அண்ணே."

"அப்ப பாதிச் சம்பளமாச்சும் குடு."

சிரித்தாரா என்று
கண்ணாடியில் பட்ட வெயிலில் தெரியவில்லை.
பலகையில் வேறொரு விளக்கு எரிந்தது.
எடுத்தேன்.